லொக்கர் அறையில் இரண்டு குரல்

நான் பதினேழு வருடம் வேலை செய்த வங்கிக் கிளை இப்போது இல்லை. அந்த இடத்தில் பபிள் ரீ கடை வந்துவிட்டது. கனடாவில், ஸ்காபரோவின் வடக்கே ஒரு பிளாசாவின் மூலையில், புடைவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் அது இருந்தது. மேலே கவுண்டர்கள். பின்கதவைத் திறந்து பதினாறு படி இறங்கினால் லொக்கர் அறை.

அந்த அறையின் பொறுப்பு என்னிடம் வந்ததற்குத் தமிழ்தான் காரணம். அங்கே பெட்டி வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் நம்மவர்கள். கலியாண மாதங்களில் படியெல்லாம் ஆட்கள் நிற்பார்கள். தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு போவார்கள், திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். நடைமுறை எளிமையானது. வருகிறவர் கையெழுத்து வைக்க வேண்டும், அதை நான் அட்டையிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் சாவியும் அவர் சாவியும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். பிறகு அவர் பெட்டியைப் பக்கத்திலுள்ள சின்ன அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு விளக்கு. நான் வெளியே இருப்பேன். பெட்டிக்குள் என்ன என்று கேட்கவும் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது.

அவர் புதன்கிழமைகளில் பதினொரு மணிக்கு வருவார். அறுபது தாண்டியவர், பருத்த உடம்பு, நரைத்த தாடி. ஓடுகிற பஸ்ஸுக்குள் நடக்கிறவர் போலக் கால்களை அகட்டி வைத்து நடப்பார். அவருடைய பெட்டி இருப்பதிலேயே சிறியது. வீடு நகரத்தின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில், பத்தொன்பதாம் மாடியில். அங்கிருந்து சப்வே பிடித்து, பிறகு பஸ் பிடித்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்து வருவார். வீட்டுக்குக் கிட்ட ஒரு கிளையும் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கு. ஆனா அங்க லொக்கர் மேல்மாடியில. இதுதான் நிலத்துக்குக் கீழ இருக்கு" என்றார்.

அவரிடம் இன்னொரு பழக்கத்தையும் கவனித்திருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல்தரம் திரும்பமாட்டார். இரண்டாம்தரம், சிலவேளை மூன்றாம்தரம் கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டுப் பார்ப்பார். காது கேட்பது குறைவு என்று நினைத்து நான் சத்தமாகக் கதைக்கத் தொடங்கினேன். ஒருநாள், "எனக்குக் காது நல்லாக் கேக்கும், பிள்ளை" என்றார்.

அவர் வரத் தொடங்கி நாலைந்து மாதம் போயிருக்கும். கதவுக்கு வெளியே இருந்து படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளே கதைச் சத்தம் கேட்டது. போனில் கதைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்த நிலக்கீழ் அறையில் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடைக்காது.

அடுத்த புதன் வேண்டுமென்றே கதிரையைக் கதவோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன்.

இரண்டு குரல். ஒன்று மெல்லியது, இளம் ஆளின் குரல். மற்றது தடித்தது. மெல்லிய குரல் ஒரு இலக்கத்தைச் சொல்லும். சற்றுப் பொறுத்துத் தடித்த குரல் அதையே திருப்பிச் சொல்லும், எழுதிக்கொண்டு சொல்வது போல.

"ஆறு. மணல்."

"ஆறு... மணல்."

"ஏழரை. சேறு."

"ஏழரை... சேறு."

"பதினொண்டு. சிப்பி."

இலக்கங்கள் கூடிக்கொண்டே போயின. பதினாலு, இருபது, இருபத்தெட்டு. பிறகு மெல்லிய குரல், "தட்டேல்லை" என்றது. அதை மற்றக் குரல் திருப்பிச் சொல்லவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு கதிரை பின்னுக்குத் தள்ளுப்படுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவர் மட்டும் வெளியே வந்தார். முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது.

அவர் போன பிறகு உள்ளே போனேன். மேசையில் வெள்ளைத் துகள் கொஞ்சம் கிடந்தது. அது உப்பு. பனிக்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பு எல்லாருடைய சப்பாத்திலும் ஒட்டிக்கொண்டு வரும், நிலம் முழுக்க இருக்கும். மேசைக்கு எப்படி வந்தது என்று யோசித்தபடி ரிசுக் கடதாசியால் துடைத்தேன். ஜூலை மாதத்திலும் அப்படித் துடைத்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் கேட்கிறது என்றால் விட்டிருப்பேன். என்னோடு வேலை செய்த பிலிப்பினோப் பெண் ஒரு புதன்கிழமை ஏதோ கேட்கக் கீழே வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவரோடு இருப்பது யார், இரண்டு பேர் போக அனுமதி இல்லையே என்றாள். ஒருவர்தான் போனார் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மேலே போய்க் கமராவைப் பார்த்தாள். படியில் இறங்கியது ஒருவர்தான். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அவள் கீழே வருவதில்லை.

ஆறு, ஏழரை என்று அவர்கள் சொன்னது பாகக் கணக்கு என்பது எனக்கு விளங்காமல் இல்லை. இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம். எங்கள் பக்கத்து மீன்பிடிகாரர் ஆழத்தை அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த கடலில் அத்தனை பாகம் கிடையாது. நான் யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக் காலத்தில் அம்மாவோடு கிளாலியில் கடல்நீரேரியைப் படகில் கடந்தபோது, அம்மா இருந்த காசு முழுவதையும் ஷொப்பிங் பைக்குள் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தா. படகுக்காரர் எங்களுக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான். கவிழ்ந்தால் கத்தவேண்டாம், எழும்பி நில்லுங்கள் என்றார். கடல் என்றால் எனக்கு அதுதான். எழும்பி நிற்கலாம்.

ஒருநாள் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது போனில் இலங்கையைச் சுற்றியுள்ள கடலின் ஆழப்படத்தைத் தேடிப் பார்த்தேன். வடக்கே எங்கள் பக்கம் முழுக்க வெளிறிய நீலம், பால் ஊற்றியது போல. விரலால் கிழக்குக் கரையோரம் இறக்கினேன். திருகோணமலைக்கு வந்ததும் துறைமுக வாசலுக்குள்ளேயே ஒரு கறுப்பு நாக்கு நீண்டிருந்தது. கடலுக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு. கரையில் வீடுகளும் கோயிலும் இருக்கின்றன, பக்கத்திலேயே நிலம் கீழே போய்விடுகிறது. அவருடைய அட்டையில் பிறந்த இடம் என்று மன்னார்தான் போட்டிருந்தது. இருந்தாலும் அந்தக் கறுப்பைப் பார்த்ததும் அவர் நினைவுதான் வந்தது. போனை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவர் நேரே கீழே இறங்காமல் என் மேசைக்கு வந்து இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். பழைய இலங்கை நூறு ரூபாய், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தது. கடதாசி போல இல்லை, காய்ந்த கருவாடு போல விறைத்திருந்தது.

"இதை மாத்த ஏலுமோ?" என்று கேட்டார்.

கனடாவில் எந்த வங்கியும் வாங்காது, இலங்கையில் மத்திய வங்கிக்குக் கொண்டுபோனால் சிலவேளை மாற்றித் தருவார்கள் என்றேன்.

"ஆள் நேர போகவேணுமோ?"

"ஓம்."

"ஆர் எண்டு காட்டவேணுமோ?"

"அடையாள அட்டை கேப்பினம், அண்ணை."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். நோட்டைத் திரும்ப எடுக்கும்போது அதன் மூலையில் ஒரு துண்டு ஒடிந்து என் மேசையில் விழுந்தது. அதையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வசந்தத்தில் கிளையை மூடப்போவதாகத் தலைமையகம் அறிவித்தது. எல்லாரும் போனிலேயே வங்கி வேலையை முடிக்கிறார்கள், இனி இவ்வளவு கிளை தேவையில்லை என்றார்கள். லொக்கர்காரர்களுக்கெல்லாம் கடிதம் போனது. மாத முடிவுக்குள் வந்து பெட்டியை வெறுமையாக்க வேண்டும், வராதவர்களின் பெட்டி சாட்சிகள் முன்னால் துளைத்துத் திறக்கப்படும். அவர் மூன்று புதன் தொடர்ந்து வரவில்லை. கடைசிப் புதன், மூடுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, வழக்கம்போல பதினொரு மணிக்கு வந்தார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போனவர் கதவைச் சாத்தவில்லை.

"பிள்ளை, நீங்களும் உள்ள வாங்கோ. ஒரு ஆளாவது பாக்கட்டும்" என்றார்.

போகக் கூடாது. போனேன்.

பெட்டிக்குள் மூன்று பொருட்கள் இருந்தன. அந்த நூறு ரூபாய் நோட்டு. உப்பில் ஊறிக் காய்ந்து தடித்துப்போன ஒரு கொப்பி. என் முன்கை நீளத்துக்கு ஒரு ஈயக்குண்டு. குண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு குழி. அதற்குள் கொழுப்பைப் பூசிக் கயிற்றில் கட்டி இறக்குவார்களாம். குண்டு அடியில் தட்டும்போது கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வருவது அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும். மணல், சேறு, சிப்பி.

பிறகு சொன்னார். அவர் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, குண்டைத்தான் பார்த்தார்.

அவர் பிறந்தது மன்னாரில் இல்லை, திருகோணமலையில். இருபத்திரண்டு வயதில், துறைமுக வேலைக்காகக் கடலடி அளக்கிற ஒரு கொம்பனியில் வேலை. அவரோடு மன்னார்க்காரன் ஒருவன். இருவரும் ஒரு சின்னப் படகில் போவார்கள். இவர் குண்டை இறக்கி இலக்கம் சொல்வார், அவன் திருப்பிச் சொல்லிக் கொப்பியில் எழுதுவான். ஒரே அறையில்தான் தங்கினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே மாதிரி முகவெட்டு, அண்ணன் தம்பியா என்று கேட்பார்களாம். மன்னார்க்காரனிடம் வெளிநாடு போவதற்குப் பாஸ்போட்டும் மற்றக் கடதாசிகளும் ஆயத்தமாக இருந்தன. அந்தக் கிழமை முடிய அவன் கொழும்புக்குப் போகவேண்டும். அன்று சாப்பாட்டுக்கென்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நூறு ரூபாய் கொடுத்திருந்தார்கள். கரைக்கு வந்து மாற்றி ஆளுக்கு ஐம்பது எடுப்பதாக இருந்தது.

"இருபத்தெட்டு வரைக்கும் சொன்னன். பிறகு கயிறு முழுக்கப் போயிட்டுது. தட்டேல்லை. இழுத்துப் பாத்தன், கொழுப்பு துப்பரவா இருந்துது, ஒரு மணலும் இல்லை. தட்டேல்லை எண்டு சொன்னன். அவன் அதை எழுத முதல் அலை வந்திட்டுது."

இவர் நீந்தி ஆளில்லாத ஒரு கல்லுக்கரையில் ஏறினார். குண்டு கயிற்றோடு கையில் சுற்றியிருந்தது. கொப்பி மிதந்து வந்தது. அவன் வரவில்லை.

அந்தக் காலத்தில் இவரை யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அறைக்குப் போய்ச் சிநேகிதனின் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு அன்றே கொழும்புக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்து, சிநேகிதன் எழுதுவது போலக் கையெழுத்தை மாற்றித் தன்னுடைய தகப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் மகன் கடலில் போய்விட்டான், என் கண்ணுக்கு முன்னால்தான் போனான், இனித் தேடவேண்டாம் என்று. செத்தவனைத் தேடி வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள், வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைத்தாராம்.

"மன்னாரில அவன்ர அம்மாவுக்கு மாசா மாசம் காசு அனுப்பினன். மகன் எழுதுற மாதிரிக் கடிதமும் போட்டன். அவவுக்குக் கண் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வாசிச்சுக் காட்டும். அந்தத் தெருவுக்குப் போன் வர முதலே அவ செத்திட்டா. மகன் கனடாவில நல்லா இருக்கிறான் எண்டுதான் செத்தவ."

"உங்கட வீட்டில?"

"எனக்கு வருசா வருசம் திவசம் செய்யினம்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரோ தெரிந்தவர் முகநூலில் போட்ட படத்தில் பார்த்தாராம். சுவரில் அவருடைய இருபத்திரண்டு வயது முகம், அதற்கு மாலை, கீழே வாழையிலையில் படையல்.

இவ்வளவும் கேட்ட பிறகு, இரண்டு வருடமாக மனதில் கிடந்ததை நான் கேட்டேன். இந்த அறைக்குள் இரண்டு குரல் கேட்கிறதே, அதில் எது உங்களுடையது?

அவர் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல்ல நான்தான் இரண்டையும் கதைச்சனான். சும்மா, அவன மறக்கக்கூடாது எண்டு. இப்ப ஆர் கேக்கிறது, ஆர் சொல்லுறது எண்டு எனக்கும் தெரியேல்லை."

மேலே யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் எழும்பினேன். பெட்டி வெறுமை என்று அவர் கையெழுத்து வைக்கவேண்டிய படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூன்று பொருட்களையும் மரக்கறிக் கடைப் பையொன்றில் போட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். வழக்கமாகக் கோலம் போடுகிறவர் போல மெதுவாக எழுதுகிற மனிதர் இந்தமுறை ஒரே இழுப்பில் எழுதி முடித்தார். படிவத்தைப் பார்த்தேன். அது நான் ஒருபோதும் கேட்டிராத பெயர்.

"அண்ணை, இது வேற பெயர்."

அவர் குனிந்து பார்த்தார். "கை தன்பாட்டில எழுதிப்போட்டுது" என்றார்.

"பாங்கில இருக்கிற கையெழுத்துத்தான் எனக்கு வேணும், அண்ணை."

வேறு படிவம் கொடுத்தேன். அதில் மன்னார்க்காரனின் பெயரை மெதுவாக எழுதினார். பையைத் தூக்கிக்கொண்டு, கால்களை அகட்டி அகட்டிப் படியேறிப் போனார்.

பிழையான படிவத்தை என்ன செய்வது என்று கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன். விதிப்படி கிழிக்கிற பெட்டிக்குள் போடவேண்டும், போட்டேன். பின்னேரம் பஸ்ஸில் அந்தப் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. எத்தனை எழுத்து, எதில் தொடங்கியது, ஒன்றுமே வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அவர் எங்கும் எழுதாத ஒரு பெயர் ஒரு நிமிடம் என் கையில் இருந்தது.

என்னை மில்லிக்கன் பக்கம் வேறு கிளைக்கு மாற்றினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவரைக் காணவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடியப்பம் வாங்க ஸ்காபரோவில் ஒரு கடையில் வரிசையில் நின்றேன். யாரோ "பிள்ளை" என்று கூப்பிட்டார்கள். அவர்தான். தாடியை எடுத்திருந்தார். உடம்பும் இறங்கியிருந்தது. வாங்கியதோடு இருவரும் யன்னலோரம் இருந்தோம்.

ஊருக்குப் போய்வந்ததாகச் சொன்னார். கனடாப் பாஸ்போட்டில்தான், மன்னார்க்காரனின் பெயரில்தான் போனார். தகப்பனும் தாயும் எப்போதோ போய்விட்டார்கள். கடைசித் தங்கச்சி மட்டும் திருகோணமலையில் பழைய வளவிலேயே இருக்கிறா. அவர் "செத்தபோது" அவவுக்கு ஆறு வயது. வாசலில் நின்று உண்மையைச் சொல்லவேண்டும் என்று விமானத்தில் முழு வழியும் பாடமாக்கிக்கொண்டு போயிருக்கிறார். கதவைத் திறந்த தங்கச்சி யார் நீங்கள் என்று கேட்டா. எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கனடாவிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

"உடனே கையைப் பிடிச்சிட்டாள். எங்கட அண்ணாவோட கடலுக்குப் போன அண்ணை நீங்கள்தானே, அப்பாவுக்குக் கடிதம் போட்டது நீங்கள்தானே எண்டு கேட்டாள். அந்தக் கடிதத்தை இண்டைக்கும் வைச்சிருக்கிறாள். எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டன்."

அவருடைய படத்துக்குக் கீழேயே அவரை ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அண்ணா எப்படிப் போனார் என்று கேட்டிருக்கிறா. அவர் சொன்னார். படகைச் சொன்னார், அலையைச் சொன்னார், தான் கீழே போனதைச் சொன்னார். அண்ணா கஷ்டப்பட்டாரா என்று அவ கேட்டபோது, இல்லை, அவன் பயப்படவேயில்லை என்றார். சொல்லச் சொல்ல, தான் அப்படித்தான் போனேன் என்று தனக்கே தோன்றியதாம். தண்ணீர் காதுக்குள் போவது, வெளிச்சம் மேலே சுருங்குவது, எல்லாம் நினைவு வந்ததாம்.

"எனக்கு அது தெரிஞ்சிருக்கக்கூடாது. நான் நீந்திக் கரைக்கு வந்தவன்" என்றார்.

என் இடியப்பம் ஆறிப்போயிருந்தது. வெளியே வெயில். கார்கள் தரிப்பிடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன. எதிரில் இருக்கும் மனிதரின் கையைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போல ஒரு விசர் எண்ணம் வந்தது. தொடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி போன் எடுக்கிறாவாம். அண்ணாவைப் பற்றிக் கேட்பதற்காகத்தான். முற்றத்து வேம்பில் அவவுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்தது, மாம்பழம் களவெடுத்து அப்பாவிடம் பிடிபட்டது என்று இவர் சொல்லுவார். அவவே மறந்துபோனவை அவை. அண்ணா உங்களுக்கு இவ்வளவும் சொல்லியிருக்கிறாரே, உங்களில் அவருக்கு எவ்வளவு விருப்பம் என்று அவ அழுவாவாம்.

"ஒருநாளைக்கு உண்மையைச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன்.

"அவள் திவசம் செய்து செய்து எனக்கு ஒரு இடம் குடுத்திட்டாள். அவனுக்கு ஒரு இடமும் இல்லை. இந்தப் பெயர் ஒண்டுதான் இருக்கு. இதையும் நான் விட்டிட்டா அவன் எங்க போறது?"

அவருடைய போன் அடித்தது. மேசையில் கிடந்த அதைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். எடுத்தபோது வந்த குரல் அவ்வளவு நேரமும் என்னோடு கதைத்தது அல்ல. அது தடித்த குரல், எழுதிக்கொண்டு சொல்கிறவரின் குரல்.

"ஓம், தங்கச்சி" என்று சொல்லி, மன்னார்க்காரனின் பெயரைச் சொன்னார். "நான்தான்."